பவுடர் பால் கலக்க சுடுதண்ணியா வெதுவெதுப்பான தண்ணியா? ஞாயித்துக்கிழமை வெளிய போகணும், ஹெல்ப் ப்ளீஸ்

நிலாக்குட்டி_அம்மா (பெரம்பூர்)

ஹாய் எல்லாருக்கும். பாப்பாக்கு இப்ப ஏழு வாரம் ஆகுது, 35 வாரத்துலயே பொறந்துட்டா, வெயிட் சரியா ஏறலன்னு டாக்டர் தாய்ப்பாலுக்கு அப்புறம் 60 மில்லி ஃபார்முலா குடுக்க சொல்லிருக்காரு. தாய்ப்பால்தான் பெஸ்ட்னு யாரும் லெக்சர் எடுக்காதீங்க ப்ளீஸ், அத டின்லயே பெருசா போட்டிருக்கு, தெனம் எட்டு தடவ படிக்கறேன்.

என் கொழப்பம் என்னன்னா டின்ல தண்ணிய கொதிக்க வச்சு வெதுவெதுப்பா ஆறவிட்டு பொடிய போடுங்கன்னு இருக்கு. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு நர்ஸ் ஆவி பறக்கற தண்ணிலதான் போடணும் அப்புறமா ஆற வைங்கன்னு சொன்னாங்க. எங்க அத்தை கேன் தண்ணி ஏற்கனவே ப்யூரிஃபை பண்ணதுதான அத எதுக்கு கொதிக்க வைக்கற, கேஸ்தான் வேஸ்ட்டுங்கறாங்க. வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் காலைல ஆஃபீஸ் போறதுக்கு முன்னாடியே ஆறு பாட்டில் கலக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு போறேன் உனக்கு வேலை மிச்சம்ங்கறாரு. பாசம்தான், ஆனா அது சரியான்னு தெரியல.

இதுக்கு நடுவுல ஞாயித்துக்கிழமை நாத்தனாருக்கு கூடுவாஞ்சேரில வளைகாப்பு. காலைல எட்டு மணிக்கு கிளம்புனா திரும்ப வர சாயங்காலம் ஆயிடும், ஜிஎஸ்டி ரோடு பத்தி சொல்லவே வேணாம். பாலை கலக்கி ஃப்ளாஸ்க்ல சூடா ஊத்தி எடுத்துட்டு போயிடலாம் அப்பப்ப ஊத்தி குடுத்துக்கலாம்ங்கறாங்க அத்தை. எனக்கு ஏதோ இடிக்குது. யாராவது தெளிவா சொல்லுங்க.

—

ட்வின்ஸ்_மடிப்பாக்கம்

சிஸ் முதல்ல ஒண்ணு, கலக்குன பாலை ஃப்ளாஸ்க்ல ஊத்தி எடுத்துட்டு போகவே போகாதீங்க. இடிக்குதுன்னு சொன்னீங்கல்ல, சரியாத்தான் இடிச்சிருக்கு. பால் அந்த வெதுவெதுப்புல மணிக்கணக்கா கெடந்தா கிருமி வளர அதவிட நல்ல எடம் கெடையாது, தயிருக்கு உறை ஊத்தி மூடி வைக்கற மாதிரிதான் அது, என்ன உறைன்னு மட்டும் நமக்கு தெரியாது. ஃப்ளாஸ்க்ல போக வேண்டியது வெறும் கொதிச்ச தண்ணி. பொடி தனியா, தண்ணி தனியா, கழுவி கொதிக்க வச்ச காலி பாட்டில் தனியா. குழந்தை அழும்போது கலக்கணும். அவ்ளோதான் மேட்டர்.

எனக்கு ரெட்டைப் புள்ளைங்க, ரெண்டும் ஃபார்முலாலதான் வளர்ந்துச்சு, அதனால இதுல நான் பி.ஹெச்.டி. பொடிய வைக்க மூணு நாலு தட்டு இருக்கற குட்டி டப்பா பேபி ஷாப்ல கிடைக்கும், ஒவ்வொரு தட்டுலயும் ஒரு வேளைக்கான ஸ்கூப்ப போட்டு வச்சுருங்க. உங்களுக்கு 60 மில்லின்னா 2 ஸ்கூப். டப்பா நல்லா காஞ்சிருக்கணும், துளி ஈரம் இருந்தாலும் பொடி கட்டி தட்டிரும். டின்னையே தூக்கிட்டு போயி மண்டபத்துல நாலு பேர் பேசிட்டிருக்கப்ப எண்ணுனீங்கன்னா மூணா நாலான்னு மறந்துரும், அந்த நேரத்துல எவராவது வந்து பாப்பா யார் சாயல்னு கேப்பாங்க.

ரெண்டு வேளை எக்ஸ்ட்ராவா எடுத்து வைங்க. பெருங்களத்தூர்ல மாட்டுனா எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது.

ஆறு பாட்டில் மேட்டர், உங்க வீட்டுக்காரர அடிக்காதீங்க, அது முழுக்க தப்பு இல்ல. ஆனா கலக்குன ஒடனே பச்சத் தண்ணில வச்சு நல்லா ஆத்தி ஃப்ரிட்ஜ்ல உள்ள தள்ளி பின்பக்கமா வைக்கணும், ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு கீழ இருக்கணும், 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு ரெண்டு குண்டான், முந்தாநாள் மீன் கொழம்பு, பூ, பாலு எல்லாம் அடைச்சு வச்சு கதவ நிமிஷத்துக்கு ஒருக்கா தெறந்தா அது எங்க 5 டிகிரிக்கு வரும். கதவுப் பக்கம் வைக்கறது சுத்தமா வேணாம். கரண்ட் வேற போகும். அப்பப்ப கலக்கறதுதான் நிம்மதி, ரெண்டு நிமிஷ வேலை.

—

கேகேநகர்_பாலா

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்க பையனுக்கு ஆரம்பத்துலேர்ந்து டின்ல போட்ட மாதிரி வெதுவெதுப்பான தண்ணிலதான் கலக்கினோம், ஒண்ணும் ஆகல, இப்ப யூகேஜி போறான். கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணித்தானே டின்ல போட்டிருப்பான்? ரொம்ப சுடுதண்ணி ஊத்துனா அதுல இருக்கற ப்ரோபயாட்டிக் (வயித்துக்கு நல்லதுன்னு சேக்கற நல்ல கிருமி) எல்லாம் செத்துரும்னு எங்கயோ படிச்சேன். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்த கத்தும்போது சுடுதண்ணில கலக்கி ஆற வச்சு குடுக்கற வரைக்கும் அப்பார்ட்மெண்டே எந்திரிச்சுரும். நைட் ட்யூட்டி நான்தான் பார்த்தேன், அந்த கஷ்டம் எனக்கு தெரியும்.

—

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்

குழந்தைகள் ஐசியூல வேலை பாக்கறேன், அதனால இதுக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

பாலா சார் சொல்றதுல பாதி சரி. பல டின்ல வெதுவெதுப்புன்னுதான் இருக்கும், ப்ரோபயாட்டிக் சேத்த பொடின்னா சூட்டுல அது செத்துரும்ங்கறதும் நெஜம். ஆனா எல்லாரும் தவற விடற விஷயம் ஒண்ணு இருக்கு. தண்ணிய கொதிக்க வைக்கறது தண்ணில இருக்கற கிருமிக்காக. சூடான தண்ணில பொடிய போடறது பொடில இருக்கற கிருமிக்காக. ரெண்டும் வேற வேற. பவுடர் பால் கிருமியே இல்லாத பொருள் கெடையாது, சீல் போட்ட புது டின்னா இருந்தாலும் சரி, எவ்ளோ வெல குடுத்து வாங்குனாலும் சரி. பொடிய அந்த மாதிரி முழுசா ஸ்டெரைல் பண்ண ஃபேக்டரிலயே முடியாது. க்ரோனோபாக்டர்னு ஒரு கிருமி, அப்புறம் சால்மோனெல்லா, இது ரெண்டும்தான் முக்கியமான பயம். க்ரோனோபாக்டர் காஞ்ச பொடில மாசக்கணக்கா உயிரோட இருக்கும். ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்துச்சுன்னா சின்னக் குழந்தைக்கு ரத்தத்துலயும் மூளைலயும் போய் உக்காந்துரும். 2022 பிப்ரவரில அமெரிக்காவுல ஆபட் கம்பெனி மிச்சிகன் ஃபேக்டரி டின்கள கடைலேர்ந்து திரும்ப எடுத்தாங்களே, பால் பவுடர் தட்டுப்பாடுன்னு நியூஸ்ல ஓடுச்சே, அது இந்த கிருமி விவகாரம்தான்.

இதுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-லயே வழிகாட்டி போட்டாங்க, தண்ணி 70 டிகிரிக்கு கொறையாம இருக்கும்போது பொடிய போடணும்னு. அந்த சூட்டுல அந்த கிருமிங்க தாங்காது. வெதுவெதுப்பான தண்ணில போட்டா கிருமிய நாமளே குளிப்பாட்டி விடற மாதிரி ஆயிரும்.

யாருக்கு இது கட்டாயம்னு பாத்தா, ரெண்டு மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தை, குறைமாசத்துல பொறந்த குழந்தை, எதிர்ப்பு சக்தி கொறஞ்ச குழந்தை. நிலாக்குட்டிமா, உங்க பாப்பாக்கு இதுல ரெண்டு பொருந்துது, அதனால உங்களுக்கு டவுட்டே வேணாம், ஆவி பறக்கற தண்ணிதான். ப்ரோபயாட்டிக் போச்சுன்னா போகட்டும், அது உங்க டாக்டர் கிட்ட தனியா பேசிக்கலாம். நெறமாசத்துல பொறந்து நல்லா வளர்ற மூணு நாலு மாசக் குழந்தைக்கு டின்ல போட்டபடி செய்யறத நான் வந்து தப்புன்னு சண்டை போட மாட்டேன், அமெரிக்கால அப்படித்தான் பிரிச்சு சொல்றாங்க. நான்னா அப்பவும் சூடாத்தான் கலப்பேன், அது என் ஆசை.

70 டிகிரிய எப்படி கண்டுபிடிக்கறதுன்னு அடுத்து கேப்பீங்க. ஒரு லிட்டர் தண்ணிய நல்லா தளபுளன்னு கொதிக்க விட்டு அடுப்ப அணைச்சு மூடி வச்சா அரை மணி நேரத்துக்குள்ள யூஸ் பண்ணிரணும், அதுக்கு மேல போனா 70-க்கு கீழ எறங்கிரும். இது ஒரு லிட்டருக்கு. சின்ன பாத்திரத்துல ஒரு டம்ளர் தண்ணி மட்டும் வச்சா அது கண்ண மூடி தெறக்கறதுக்குள்ள ஆறிரும், அதனால அரை மணி நேர கணக்கு அதுக்கு செல்லாது.

மொதல்ல தண்ணி, அப்புறம் பொடி. பாட்டில மேடை மேல நேரா வச்சு கண்ணு மட்டத்துல குனிஞ்சு அளவ பாத்து ஊத்துங்க, கைல தூக்கி பிடிச்சு பாக்காதீங்க. பொடிய தலைதட்டித்தான் அளக்கணும், கோபுரமா அள்ளக்கூடாது, டின் ஓரத்துல அமுக்கி அடைக்கவும் கூடாது. மூடிய போட்டு மெதுவா சுத்தி கலக்குங்க, சுடுதண்ணிய ஒடனே வேகமா குலுக்குனா உள்ள ஆவி அழுத்தி மூடி தெறந்ததும் மூஞ்சில பீச்சும். அப்புறம் மூடியோட ஒரு கிண்ணம் பச்சத்தண்ணில நிக்க வைங்க, தண்ணி நிப்பிள் கிட்ட வரக்கூடாது. கிண்ணத்து தண்ணி சூடானா மாத்துங்க. 60 மில்லி சீக்கிரமே ஆறிரும். மணிக்கட்டு உள்பக்கம் ரெண்டு சொட்டு விட்டு பாத்துட்டுதான் குடுக்கணும், இந்த ஸ்டெப்ப தூக்கத்துல கூட விட்ராதீங்க.

—

நிலாக்குட்டி_அம்மா

சிஸ்டர் ரொம்ப ரொம்ப தேங்க்ஸ், இத ப்ரிண்ட் எடுத்து கிச்சன்ல ஒட்டப்போறேன். பொடிக்காக தண்ணி சூடுங்கறத யாருமே சொல்லல எனக்கு. ஆஸ்பத்திரில கூட கேட்டா ரொம்ப பேச மாட்டேங்கறாங்க, ஏதோ கள்ளச்சாராயம் கேட்ட மாதிரி பாக்கறாங்க.

இன்னும் ரெண்டு டவுட்டு. கேன் தண்ணி கொதிக்க வைக்கணுமா வேணாமா? எங்க ஏரியால மெட்ரோ வாட்டர் ஒரு நாள் நல்லா வரும் ஒரு நாள் வாடை அடிக்கும், போர் தண்ணி உப்பு. அப்புறம் ஃப்ளாஸ்க்ல தண்ணி எத்தன மணி நேரம் அந்த 70-ல நிக்கும்? மண்டபத்துல பாட்டில எங்க கழுவறது?

—

ட்வின்ஸ்_மடிப்பாக்கம்

கேன் தண்ணியும் கொதிக்கணும் சிஸ். கேன் எத்தன வெயில்ல லாரில நின்னுச்சு, டிஸ்பென்சர எப்ப கழுவுனாங்க, கேன கவுக்கும்போது யார் கை பட்டுச்சு, யாருக்கு தெரியும். ஆர்.ஓ தண்ணியும் அதே. அத்தை கிட்ட கேஸ் வேஸ்ட்டு ஆஸ்பத்திரி பில்ல விட கம்மின்னு சொல்லுங்க (நேரடியா சொல்லாதீங்க, வீட்டுக்காரர விட்டு சொல்ல சொல்லுங்க). போர் தண்ணி உப்புன்னா அத விட்ருங்க, கொதிக்க வச்சா கிருமி போகும் உப்பு போகாது, தண்ணி சுண்டுனா இன்னும் கூடத்தான் செய்யும். அதனால ஏற்கனவே கொதிச்சு ஆறுன தண்ணிய மறுபடி மறுபடி அடுப்புல ஏத்தாம ஒவ்வொரு தடவையும் புதுசா பிடிச்சு வைங்க.

பாட்டில் மண்டபத்துல கழுவ வேணாம். எத்தன வேளையோ அத்தன பாட்டில் வீட்லயே கொதிக்க வச்சு நிப்பிள் மாட்டி மூடி போட்டு எடுத்துட்டு போங்க. குடிச்சு முடிச்சத அங்க சும்மா ஒரு அலசு அலசி தனி கவர்ல போட்ருங்க, பால் காஞ்சு ஒட்டுச்சுன்னா வீட்ல தேய்க்க கை வலிக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தயும் பிரிச்சு போட்டு, நிப்பிள் தனி வளையம் தனி, ப்ரஷ் போட்டு சோப்பு தண்ணில கழுவி அப்புறம்தான் கொதிக்க வைக்கணும். பால் பிசுக்கோட கொதிக்க வச்சா ஒரு ப்ரயோஜனமும் இல்ல. கழுவ ஒரு தனி டப்பு வச்சுக்கோங்க, சிங்க்குல மீன் கழுவுன தண்ணி ஓடிருக்கும், அதுல போட்டு ஊற வைக்காதீங்க. ப்ரஷ்ஷும் தனி. எலெக்ட்ரிக் ஸ்டெரிலைசர் இருந்தா நல்லது, இல்லன்னா பெரிய பாத்திரம் போதும், பாட்டில் முழுசா முங்கணும், உள்ள காத்து குமிழி நிக்கக்கூடாது, பத்து நிமிஷம் கொதிச்சா போதும். இடுக்கில எடுத்து சுத்தமான துணி மேல கவுத்து தானா காய விடுங்க, முந்தானைல தொடைக்கற வழக்கம் வேணாம்.

கைய பத்தி யாரும் சொல்லல பாத்தீங்களா. இவ்ளோ பண்ணிட்டு கைய கழுவாம ஸ்கூப்ப எடுத்தா என்ன ப்ரயோஜனம். டயபர் மாத்துன கைல ஃபோன நோண்டிட்டு அப்படியே பால் கலக்க போறவங்கள எங்க வீட்லயே பாத்திருக்கேன், பேரு சொல்ல மாட்டேன்.

—

கேகேநகர்_பாலா

நர்ஸ் மேடம் சொன்னத படிச்சதும் ஒரு ஆர்வத்துல எங்க வீட்ல ஃப்ளாஸ்க்க டெஸ்ட் பண்ணேன், சமையல்ல யூஸ் பண்ற குத்தி பாக்கற தெர்மாமீட்டர் இருக்கு. ஸ்டீல் வேக்யூம் ஃப்ளாஸ்க் ஒரு லிட்டர், மொதல்ல சுடுதண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் வச்சு கொட்டிட்டு, அப்புறம் கொதிக்க கொதிக்க கழுத்து வரைக்கும் ஊத்தி மூடி வச்சேன், மதியம் சாப்ட்டுட்டு வந்து பாத்தப்ப கூட 70-க்கு நல்லா மேலதான் இருந்துச்சு. அதே இன்னொரு ஃப்ளாஸ்க், ஏதோ கல்யாணத்துல தாம்பூலப் பையோட குடுத்தது, பாதி அளவு ஊத்தி வச்சேன், ரெண்டு மணி நேரம் கூட தாங்கல. ஸோ ஃப்ளாஸ்க்குன்னு பேரு இருந்தா போதாது. உங்ககிட்ட இருக்கறத சனிக்கிழமையே ஒரு தடவ டெஸ்ட் பண்ணிருங்க. தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல வருது. அப்பப்ப தெறந்து தெறந்து எடுத்தா சீக்கிரம் ஆறும், அதனால முடிஞ்சா ரெண்டு சின்ன ஃப்ளாஸ்க்கா பிரிச்சு எடுத்துட்டு போங்க, காலைக்கு ஒண்ணு மதியத்துக்கு ஒண்ணு. அதுல வேற யாரும் காபி ஊத்தாம பாத்துக்கோங்க!

வெதுவெதுப்பு விஷயத்துல நான் சரண்டர் ஆகல, ஆனா குறைமாசக் குழந்தைன்னு நான் கவனிக்காம எழுதிட்டேன், அவங்களுக்கு மேடம் சொல்றதுதான் சரி.

—

வேளச்சேரி_சித்தப்பா

ஒரு விஷயம் சொல்லணும், இது யாருக்காவது யூஸ் ஆகும். எங்க அண்ணன் பொண்ணு நியூஜெர்சிலேர்ந்து வரும்போது நாலு டின் கொண்டு வந்துச்சு, அங்க வாங்குனது ஒஸ்தின்னு. இங்க நாம வாங்கற டின்ல பெரும்பாலும் 30 மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்கூப். அந்த அமெரிக்கா டின்ல 60 மில்லிக்கு ஒரு ஸ்கூப், ஸ்கூப்பே பெருசு. வீட்ல எல்லாரும் பழக்க தோஷத்துல 30-க்கு ஒண்ணுன்னு போட கிளம்பிட்டாங்க, நல்லவேளை டின்ன திருப்பி படிச்ச ஆளு ஒருத்தர் இருந்தாரு. அப்படி போட்டா ரெண்டு மடங்கு கெட்டி. அதனால ஒரு டின் ஸ்கூப்ப இன்னொரு டின்னுக்கு போடாதீங்க, ஸ்கூப் தொலஞ்சா டீஸ்பூன்ல குத்துமதிப்பா அளக்காதீங்க. கம்பெனி மாத்துனா ஸ்கூப்பையும் மாத்தணும். டின் தெறந்த தேதிய மூடி மேல மார்க்கர்ல எழுதி வைங்க, ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்க வேணாம், பல டின்ல மூணு வாரம்னே போட்டிருக்கான், அத பாத்துக்கங்க. பொடிய ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது, ஈரம் கோத்துக்கும். நம்ம ஊர் பொழுக்கத்துக்கு மூடிய தெறந்து போட்டா அன்னிக்கே கட்டி தட்டும்.

—

அண்ணாநகர்_பாட்டி

எல்லாரும் பாட்டில் பாட்டில்னு பேசறீங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா கண்ணு. 60 மில்லிக்கு பாட்டில் எதுக்கு? பாலாடைல குடு. எங்க காலத்துல சங்குல ஊட்டினோம், எவர்சில்வர் பாலாடை இப்பவும் பாத்திரக் கடைல கெடைக்குது. மூலை முடுக்கு இல்ல, நிப்பிள் ஓட்டை இல்ல, ஒரு தேய் தேய்ச்சு கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தா பளிச்சுன்னு இருக்கும். தாய்ப்பாலும் குடுக்கறதா சொல்ற, பாட்டில் பழகிட்டா சில புள்ளைங்க மாருல வாய் வைக்க அடம் பண்ணும், பாலாடைல அந்த தொல்ல கம்மி. படுக்க வச்சு மட்டும் ஊத்தாதே, மடில சாச்சு உக்கார வச்சு உதட்டு ஓரத்துல வச்சு அது நக்கி முழுங்க முழுங்க குடுக்கணும். மூக்க பிடிச்சு ஊத்தறது, வாய தெறந்து ஒரேயடியா கவுக்கறதெல்லாம் கூடாது, பொரை ஏறிடும்.

உன் மாமியார் மேல கோவப்படாதே, அவங்க காலத்துல பசும்பால்ல பாதி தண்ணி ஊத்தி சக்கர போட்டு குடுத்தவங்க. தப்புதான், ஆனா அன்னிக்கு அததான் சொன்னாங்க.

—

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்

பாட்டிமா கரெக்டா சொன்னீங்க, எங்க வார்டுலயும் சின்ன குழந்தைங்களுக்கு பாலாடைதான், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி எடங்கள்லயும் அததான் பழக்கி விடுவாங்க. கழுவ ஈஸிங்கறதுதான் பெரிய ப்ளஸ். ஆனா பழகாதவங்க மொத தடவையே வளைகாப்பு மண்டபத்துல ட்ரை பண்ண வேணாம், வீட்ல நாலஞ்சு தடவ கை பழகட்டும்.

ஆஸ்பத்திரில ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு கேட்டீங்கல்ல. 1992-ல இதுக்குன்னு ஒரு சட்டமே வந்துச்சு, குழந்தை பால் பவுடரு, பாட்டிலு விளம்பரம் பண்ணக்கூடாது, கம்பெனி ஆளு ஆஸ்பத்திரிக்குள்ள வந்து பரப்பக்கூடாது, சாம்பிள் குடுக்கக்கூடாதுன்னு, 2003-ல இன்னும் டைட் பண்ணாங்க. நல்ல சட்டம், தேவையானது. ஆனா நெறைய பேரு அத பவுடர் பாலை பத்தி வாயே தெறக்கக்கூடாதுன்னு புரிஞ்சு வச்சிருக்காங்க. அப்படி இல்ல. எப்படி கலக்கறதுன்னு தாய்க்கு செஞ்சு காட்டற உரிமை சுகாதாரப் பணியாளருக்கு மட்டும்தான்னு அதே சட்டத்துலதான் இருக்கு, தப்பா கலந்தா என்ன ஆபத்துன்னு விளக்கணும்னும் இருக்கு. அதனால அடுத்த தடுப்பூசிக்கு போறப்ப தயங்காம கேளுங்க, செஞ்சு காட்ட சொல்லுங்க, அது உங்க உரிமை. தாய்ப்பால் கூட்டறதுக்கும் அங்கயே கவுன்சிலிங் கேளுங்க, ஏழு வாரத்துல கூட முயற்சி பண்ணலாம் (லெக்சர் முடிஞ்சுது, மன்னிச்சுக்கோங்க).

தண்ணி பால் மேட்டரும் சொல்லிடறேன், ஏன்னா வார்டுல இது அடிக்கடி வருது. டின் வெல ஏறிப்போச்சுன்னு 60 மில்லிக்கு ரெண்டு ஸ்கூப் போட வேண்டிய எடத்துல ஒண்ணு போட்டு இழுத்தடிப்பாங்க, இல்ல கத்திரி வெயில் தாகமா இருக்கும்னு நடுவுல வெறும் தண்ணி குடுப்பாங்க. ஆறு மாசத்துக்குள்ள குழந்தைக்கு தனியா தண்ணி வேணாம், சென்னை வெயில்லயும் வேணாம், பால்லயே போதுமான தண்ணி இருக்கு. வேணும்னா கூட ஒரு தடவ பால் குடுங்க. தண்ணி அதிகமானா ரத்தத்துல உப்பு கொறஞ்சு ஃபிட்ஸ் வரைக்கும் போகும். கெட்டியா கலக்கறதும் அதே அளவு மோசம், மலச்சிக்கல், கிட்னிக்கு பாரம். சக்கர, தேன், க்ரைப் வாட்டர், தூக்கம் வரணும்னு வசம்பு, இதெல்லாம் பால்ல போடவே போடாதீங்க. தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்குல தடவக்கூட வேணாம்.

மிச்சம் வச்ச பாலு. குழந்தை வாய் வச்சு குடிக்க ஆரம்பிச்சா ஒரு மணி நேரம்தான், அப்புறம் கொட்டிருங்க, எச்சில் உள்ள போயிருக்கும். வாய் வைக்காத பாலா இருந்தா கலக்குன நேரத்துலேர்ந்து வெளில ரெண்டு மணி நேரம் வரைக்கும். நம்மூரு மே மாசத்துல, ஏசி இல்லாத வண்டில, நான் அந்த ரெண்டு மணி நேரத்தயும் நம்ப மாட்டேன். ஃப்ரிட்ஜ்ல வச்சத சூடு பண்ணணும்னா சுடுதண்ணி கிண்ணத்துல 15 நிமிஷத்துக்கு மேல நிக்க வைக்காதீங்க. மைக்ரோவேவ் கூடாது, வெளில ஜில்லுன்னு இருக்கும் நடுவுல கொதிச்சுட்டு இருக்கும், வாய் வெந்துரும்.

கடைசியா, மூணு மாசத்துக்குள்ள குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட் ஜுரம் வந்தா, இல்ல பால் குடிக்காம துவண்டு போனா, யூரின் கொறஞ்சா, உச்சிக்குழி உள்ள அமுங்குன மாதிரி தெரிஞ்சா கூகுள் பண்ணிட்டு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரி. டவுட்னா 104-க்கு கூப்டா பேசுவாங்க, அவசரம்னா 108.

—

நிலாக்குட்டி_அம்மா

எல்லாருக்கும் தேங்க்ஸ். ஃப்ளாஸ்க்ல இன்னிக்கு தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், தெர்மாமீட்டர் ஆர்டர் போட்டாச்சு. அத்தை கிட்ட பாட்டிமா எழுதுனத படிச்சு காட்டுனேன், பாலாடை அவங்ககிட்டயே ஒண்ணு இருக்காம், என் வீட்டுக்காரருக்கு ஊட்டுனது, பரண்ல ஏறி தேடிட்டு இருக்காங்க. கொதிக்க வைக்கறதுக்கு ஓகே சொல்லிட்டாங்க, ஆறு பாட்டில் ப்ளான் கேன்சல்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மண்டபத்துல சூடா கலக்கிட்டு ஆற வைக்க பச்சத்தண்ணி எங்க தேடறது? கார்லயே கலக்க வேண்டி வந்தா?

—

ட்வின்ஸ்_மடிப்பாக்கம்

ஒரு அகல எவர்சில்வர் டம்ளர், ஃப்ரிட்ஜ்ல வச்ச சாதா தண்ணி ஒரு லிட்டர் பாட்டில், அவ்ளோதான். பாட்டில் வெளிப்பக்கம்தான அந்த தண்ணி படப்போகுது, அதனால அது கொதிச்சதா இருக்கணும்னு அவசியமில்ல, தொடைச்சுட்டு குடுங்க. ஓடற கார்ல சுடுதண்ணி ஊத்தாதீங்க, ஸ்பீட் ப்ரேக்கர் ஒண்ணு போதும் மடி வெந்துரும். ஓரங்கட்டி நிறுத்திட்டு வீட்டுக்காரர் கலக்கட்டும் பாப்பாவ நீங்க வச்சுக்கோங்க. ரோட்ல நிறுத்த முடியலன்னா வண்டலூர் தாண்டுனதும் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் இருக்கு, உள்ள போய் உக்காந்துக்கலாம். பஸ் ஸ்டாண்டுங்கள்ல 2015-லேர்ந்து தாய்மார்களுக்கு தனி ரூம் வச்சிருக்காங்க, தாய்ப்பாலும் குடுக்கறீங்கல்ல, அங்க ஃப்ரீயா உக்காந்து குடுத்துட்டு அப்புறம் இத கலக்கிக்கலாம். அங்கேர்ந்து ஊரப்பாக்கம், அடுத்து கூடுவாஞ்சேரிதான்.

—

கேகேநகர்_பாலா

மேடம் ஒரு டவுட்டு, ராத்திரி ட்ரெயின்ல கோயம்புத்தூர் போறப்ப பேன்ட்ரில சுடுதண்ணி வாங்கி கலக்கலாமா? தங்கச்சி அடுத்த மாசம் கைக்குழந்தையோட போறா.

—

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்

வேணாம் சார். எல்லா ட்ரெயின்லயும் பேன்ட்ரி இருக்காது, இருந்தாலும் அது எப்ப கொதிச்சது, எந்த பாத்திரத்துல இருந்துச்சுன்னு தெரியாது. உங்க அந்த நல்ல ஃப்ளாஸ்க்க தங்கச்சிக்கு குடுத்து அனுப்புங்க, சென்ட்ரலுக்கு கிளம்பும்போது கொதிக்க கொதிக்க ஊத்திட்டு போனா ராத்திரி ஃபீடு ஓடிரும். விடியக்காலைல தண்ணி சூடு கொறஞ்சிருக்கும், அதுக்குத்தான் ரெண்டாவதா ஒண்ணு தெறக்காம வச்சிருக்க சொல்லுங்க.